பால் கணக்கு காலண்டரும் பதினோரு காம்ப்-ஆஃபும்: ஓவர்டைம் பாக்கியைக் கேட்டு வாங்குவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோட்ல சம்பள ஸ்லிப் எப்படிப் படிக்கறதுன்னு பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, நான் டெய்லி ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை பார்க்கறேன், ஸ்லிப்ல ஓவர்டைம்னு ஒரு வரியே இல்லையே, அது எங்க போச்சு?"

நான் வக்கீல் இல்லை, கோடு எழுதறவன். அதனால இன்னைக்கு நான் சொல்லப்போறது ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, இந்த ஊர்ல எங்க வீட்டுல ஒருத்தர் ஓவர்டைம் பாக்கியை எப்படி வாங்கினாங்க. இன்னொண்ணு, நான் எப்படி வாங்காம விட்டேன். நடுவுல சட்டம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல என் கதை. அதை முடிச்சுட்டா எனக்கும் நிம்மதி.

என்னோட முந்தைய வேலை அடையாறுல ஒரு சின்ன ப்ராடக்ட் கம்பெனி. பேர் வேண்டாம். ரிலீஸ் எல்லாமே சனி, ஞாயிறுலதான். "வாங்க, காம்ப்-ஆஃப் எடுத்துக்கலாம்"னு சொல்வாங்க. எடுக்கலாம்னு கேட்டா அடுத்த ரிலீஸ் வந்திருக்கும். ரெண்டு வருஷத்துல பதினோரு காம்ப்-ஆஃப் சேர்ந்திருந்தது. ரிசைன் பண்ணினதும் ஹெச்.ஆர்.ல, "பாலிசிப்படி காம்ப்-ஆஃபுக்குப் பணம் கிடையாது, அது லாப்ஸ் ஆயிடுச்சு"ன்னாங்க. சரி, எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன்னு காட்டலாம்னு பார்த்தா, சாட் மெசேஜ், கமிட் ஹிஸ்டரி, வி.பி.என். லாகின், டிக்கெட் டைம் ஸ்டாம்ப் எல்லாமே கம்பெனி அக்கவுண்ட்ல. கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆக்சஸ் கட். லேப்டாப்பைக் குடுத்துட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னப்பதான் உறைச்சுது, என் கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லைன்னு. அதுக்கு முன்னாடியே "எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை"ங்கற பேப்பர்ல கையெழுத்தும் போட்டாச்சு. ரிலீவிங் லெட்டர் வேணுமே!

இதை வீட்டுல வந்து புலம்பினப்ப எங்க அத்தை கேட்டாங்க, "ஏன்டா, கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து வேலை பார்க்கற, நீ வந்த நேரம் போன நேரம் எழுதி வைக்கலையா?"

அத்தைக்கு இதைக் கேட்க எல்லாத் தகுதியும் இருக்கு. ஏன்னு சொல்றேன்.

அத்தை வீடு மயிலாப்பூர்ல. தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில புடவை செக்‌ஷன்ல ஒன்பது வருஷம் வேலை பார்த்தாங்க. காலையில ஒன்பதரைக்கு உள்ளே போனா ராத்திரி ஒன்பதரை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழிச்சா பதினோரு மணி நேர வேலை. தீபாவளி சீசன்னா அதுக்கும் மேல. 'அங்காடித் தெரு' படம் 2010ல வந்தப்ப ஊரே பார்த்துட்டு அழுதுச்சு. அத்தை மட்டும், "இதுல என்னடா இருக்கு, இது எங்க கடைதானே"ன்னாங்க.

ஒன்பதரைக்கு ஒரு நிமிஷம் லேட் ஆனாலும் கடையில ஃபைன். சில மாசம் வராத லேட்டுக்கும் ஃபைன் பிடிச்சிருக்காங்க. அதனால அத்தை தினமும் உள்ளே போன நேரத்தை வீட்டு காலண்டர்ல எழுத ஆரம்பிச்சாங்க. உங்க வீட்டுலயும் இருக்கும், பால் பாக்கெட் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதற அந்த மாச காலண்டர். அந்தக் கட்டத்துக்குள்ளேயே மேல ஒரு ஓரத்துல வந்த நேரம். அப்புறம் ஏதோ ரோஷத்துல கீழ் ஓரத்துல கிளம்பின நேரமும். பால் 2, 9.20, 9.40. அவ்வளவுதான். ஓவர்டைம் கேட்கணும்னு எல்லாம் அப்ப நினைக்கவே இல்லை.

இப்ப சட்டத்துக்கு வர்றேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. சுதந்திரம் வந்த அதே வருஷத்துச் சட்டம். இது தி.நகர் துணிக்கடைக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இல்லை. "நிறுவனங்கள்"ங்கற வார்த்தைக்குள்ள வணிக அலுவலகங்கள் எல்லாம் வரும், ஐ.டி. கம்பெனியும் வரும். கடைகளுக்குப் பிரிவு 9, மற்ற நிறுவனங்களுக்குப் பிரிவு 14. ரெண்டும் சொல்றது ஒண்ணுதான்: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதுக்கு மேல வேலை வாங்கணும்னா ஓவர்டைம் சம்பளம் தரணும். அப்படித் தந்தாலும் ஓவர்டைமையும் சேர்த்து நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைம் ரேட் எவ்வளவுங்கறது பிரிவு 31ல இருக்கு: வழக்கமான ஊதியத்தைப் போல ரெண்டு மடங்கு.

பெரிய பெரிய தொழிலதிபர்கள் 70 மணி நேரம் உழைங்க, 90 மணி நேரம் உழைங்கன்னு பேசி வைரல் ஆனப்ப, இந்த 54ங்கற நம்பரை ஒரு மீம்லகூட நான் பார்க்கலை. அது ஒரு வருத்தம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். அத்தை சம்பளம் 13,000. மாசத்துக்கு 26 வேலை நாள்னு வச்சா நாளைக்கு 500. எட்டால வகுத்தா மணிக்கு 62 ரூபா 50 பைசா. ரெட்டிப்பு 125. தினம் மூணு மணி நேரம் கூடுதல், அதாவது 375 ரூபா. 26 நாளுக்கு 9,750. திரும்பச் சொல்றேன், 13,000 சம்பளம் வாங்கறவங்களுக்கு மாசாமாசம் வராம போன பணம் 9,750. அத்தைகிட்ட இந்த நம்பரைச் சொன்னப்ப அவங்க நம்பலை. கால்குலேட்டரை வாங்கி அவங்களே ஒருதடவை போட்டுப் பார்த்தாங்க.

கால் வலி தாங்காம வேலையை விட்டதுக்கு அப்புறம்தான் இதெல்லாம். இங்க ஒரு சின்ன விஷயம். கடையில உட்காரவே கூடாதுங்கற நிலைமை மாறணும்னு 2021ல இதே சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வசதி கட்டாயம்னு. கேரளா 2018லயே பண்ணிட்டாங்க. அத்தை கடையில ஸ்டூல் வந்துச்சு. கஸ்டமர் இருக்கறப்ப உட்காரக் கூடாதுங்கற வாய்மொழி ரூலும் கூடவே வந்துச்சு. தி.நகர்ல கஸ்டமர் இல்லாத நேரம் எது?

சரி, மனு. தொழிலாளர் ஆணையர் ஆபீஸ் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல இருக்கு, மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயே. எங்களை மாதிரி ஒண்ணுமே தெரியாதவங்க அங்க போய், எங்க ஏரியாவுக்கு எந்த அதிகாரின்னு கேட்டுக்கறதுதான் சுலபம். வெள்ளைப் பேப்பர்ல மனு. எப்ப சேர்ந்தாங்க, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், எவ்வளவு பாக்கி, அதுக்கான கணக்கு. நான் எக்செல் ஷீட் போட்டேன். லஸ் கார்னர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில காலண்டரை மாசம் மாசமா காப்பி எடுத்தோம். கடைக்காரர், "என்ன சார், பால்காரன் மேல கேஸா?"ன்னு கேட்டார்.

காலண்டர் மட்டும் போதுமான்னு நீங்க கேட்கலாம். யார் வேணா எதை வேணா எழுதலாமே. ஆனா அத்தை தினமும் கடையை விட்டு வெளியே வந்ததும் வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல "கிளம்பிட்டேன்"னு போடுவாங்க, மாமா தோசைக்கல்லை அடுப்புல வைக்கறதுக்காக. அந்த மெசேஜ் நேரமும் காலண்டர்ல இருந்த நேரமும் ஒத்துப் போச்சு. இதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. ஒரு ஆதாரம் இருந்தா சந்தேகப்படலாம். ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாத ரெண்டு ஆதாரம் ஒரே நேரத்தைச் சொன்னா அதைத் தட்டிக்கழிக்கறது கஷ்டம். லாக் பார்த்து பக் கண்டுபிடிக்கறவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

மூணு வாய்தாவுக்குக் கடை சார்பா யாரும் வரலை. நாலாவதுக்கு அக்கவுண்டன்ட் வந்தார், ரிஜிஸ்டரோட. அதுல எல்லாரும் எல்லா நாளும் காலையில 10 மணிக்கு வந்து சாயங்காலம் 7 மணிக்குப் போயிருக்காங்க. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அதிகாரி ஒண்ணும் சொல்லலை, பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தார்.

அப்புறம் கடைத் தரப்புல ரெண்டாவது வாதம் வந்துச்சு. இதை ஐ.டி. பசங்க நல்லா கேட்டுக்கணும். "இவங்க செக்‌ஷன் இன்சார்ஜ், மேனேஜ்மென்ட் ஆளு, இந்தச் சட்டமே இவங்களுக்குப் பொருந்தாது"ன்னாங்க. சட்டத்துல அப்படி ஒரு வாசல் நிஜமாவே இருக்கு. பிரிவு 4ன்படி நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனாலதான் நம்ம ஊர்ல மூணு வருஷ அனுபவத்துக்கே லீடு, அசோசியேட் மேனேஜர்னு பட்டத்தை அள்ளித் தர்றாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா விசிட்டிங் கார்டுல என்ன அச்சடிச்சிருக்குங்கறதோட விஷயம் முடியறதில்லை. ஒருத்தருக்கு இந்தச் சட்டம் பொருந்துமா இல்லையான்னு கேள்வி வந்தா, பிரிவு 51ன்படி அதை முடிவு பண்றது தொழிலாளர் ஆணையர். உங்க ஹெச்.ஆர். இல்லை. அங்க பேச வேண்டியது நீங்க நிஜமா என்ன வேலை செஞ்சீங்கங்கறதை: ஆள் எடுத்தீங்களா, லீவு சாங்ஷன் பண்ணினீங்களா, யாருக்காவது சம்பளம் நிர்ணயம் பண்ணினீங்களா?

அத்தை பதில் எங்க வீட்டுல இன்னைக்கும் ஓடுது. "சார், நான் யாருக்கு லீவு குடுத்தேன்? எனக்கே ஒன்பது வருஷமா லீவு கிடைக்கலை."

ஆறு மாசத்துக்குத்தான் கேட்டிருந்தோம், 58,500 ரூபா. ஒன்பது வருஷத்துக்கும் ஏன் கேட்கலைன்னு எனக்கு ஆதங்கம். காரணம் காலவரம்பு. அப்ப இருந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும், சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி பன்னிரண்டு மாசம். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தா ஏத்துக்கலாம், ஆனா அது அதிகாரி கையில. கடைசியில சமரசமா 42,000க்கு முடிஞ்சுது. அத்தைக்குத் திருப்தி. எனக்குப் பாதித் திருப்தி.

இப்ப நிலைமை மாறியிருக்கு. 2025 நவம்பர் 21ல மத்திய அரசு நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பையும் நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு. அதுல ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நமக்கு முக்கியம். பாக்கிக்கு மனு போட மூணு வருஷம் அவகாசம். தனியாவும் போடலாம், தொழிற்சங்கம் மூலமாவும் போடலாம். சம்பளம் தரலைன்னு மனு போட்டா, தந்தாச்சுன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி பொறுப்பு. பாக்கியோட பத்து மடங்கு வரைக்கும் இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடம் இருக்கு. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 24,000 ரூபா சம்பளத்துக்கு மேல இருந்தா பொருந்தாது. புதுசுல 'ஊழியர்'ங்கற வார்த்தைக்குள்ள தொழில்நுட்ப வேலை, மேற்பார்வை, நிர்வாகம் எல்லாமே வருது. நம்ம தொகுப்பைக் குறை சொல்ல நிறைய காரணம் இருக்கு, தொழிற்சங்கங்கள் சொல்லிக்கிட்டும் இருக்காங்க, ஆனா இந்த இடத்துல கொஞ்சம் நமக்குச் சாதகம். உங்க பழைய பாக்கிக்கு எந்தச் சட்டம் பொருந்தும்ங்கறதை மட்டும் அந்த ஆபீஸ்லயோ ஒரு வக்கீல்கிட்டயோ கேட்டுட்டுப் போங்க. என் பாட்காஸ்ட்டை நம்பி மனு போடாதீங்க. (சிரிப்பு)

இன்னொரு எச்சரிக்கை. 1947 சட்டத்தோட பிரிவு 6ல, சில நிறுவனங்களுக்குச் சில பிரிவுகள்லேருந்து விலக்கு தர அரசுக்கு அதிகாரம் இருக்கு. "எங்களுக்கு எக்ஸெம்ப்ஷன் இருக்கு"ன்னு கம்பெனி சொன்னா, எந்த அரசாணை, எந்தத் தேதி, எந்தப் பிரிவுன்னு கேளுங்க. வாய்வார்த்தையா சொன்னா ஒத்துக்காதீங்க. தகவல் உரிமைச் சட்டத்துலயும் கேட்கலாம். ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டமே கிடையாதுங்கறது ரொம்ப நாளா ஓடற வதந்தி. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவங்களுக்கும் பொருந்தும்னு தமிழ்நாடு அரசு 2016லயே தெளிவா சொல்லிடுச்சு.

"இதெல்லாம் கேட்டு யாராவது ஜெயிச்சிருக்காங்களா"ன்னு ஒரு வாய்ஸ் நோட். ஜெயிச்சிருக்காங்க. நம்ம ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியையே எடுத்துக்கோங்க. அங்க ஓவர்டைம் தரலைங்கறது பிரச்சினை இல்லை, எதை வச்சுக் கணக்கு போடறதுங்கறதுதான். வீட்டு வாடகைப் படி மாதிரியான படிகளையும் சேர்த்துத்தான் ரெட்டிப்பு கணக்கு போடணும்னு தொழிலாளர்கள் கேட்டாங்க. 2011ல சென்னை உயர் நீதிமன்றம் அவங்க பக்கம் சொல்லுச்சு, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. அது தொழிற்சாலைகள் சட்டம், நம்மளுது வேற சட்டம். ஆனா பேசிக்கை மட்டும் குட்டியா வச்சுட்டு மிச்சத்தை எல்லாம் அலவன்ஸ்னு பிரிக்கற சம்பள ஸ்லிப் வச்சிருக்கறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

2020ல கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு, தொழிற்சாலைகள்ல ரெட்டிப்பு ஓவர்டைம் வேண்டாம்னு உத்தரவு போட்டுச்சு. அந்த வருஷம் அக்டோபர் 1ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி, அந்த மாசங்களுக்கான ஓவர்டைமைத் தரச் சொல்லுச்சு.

நம்ம ஃபீல்டுலயே வேணுமா? 2014, கலிஃபோர்னியா. எலக்ட்ரானிக்ஸ் ஃபார் இமேஜிங்னு ஒரு கம்பெனி, தங்களோட பெங்களூரு ஆபீஸ்லேருந்து எட்டு பேரைக் கூட்டிட்டுப் போய் ஃப்ரீமான்ட்ல கம்ப்யூட்டர் சிஸ்டம் இன்ஸ்டால் பண்ண வச்சாங்க. வாரத்துக்கு 122 மணி நேரம் வரைக்கும் வேலை. சம்பளம் இந்திய ரூபாயில, மணிக்கு 1 டாலர் 21 சென்ட் கணக்குல. அமெரிக்கத் தொழிலாளர் துறை பிடிச்சு, 40,000 டாலருக்கு மேல பாக்கியைத் தர வச்சாங்க. அபராதம் வெறும் 3,500 டாலர். இந்த நம்பர்தான் எனக்கு இன்னும் உறுத்துது. மாட்டினா கட்டிக்கலாம்னு நினைக்கற அளவுக்குத்தானே அது!

இப்ப பயத்தைப் பத்தி. வேலையில இருக்கும்போதே கேட்டா தூக்கிடுவாங்களேன்னு. ஆறு மாசத்துக்குக் குறையாம தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸும் இல்லாம நீக்கக் கூடாதுன்னு அதே சட்டத்துல பிரிவு 41 இருக்கு, நீக்கினா மேல்முறையீடும் இருக்கு. ஆனா நான் உங்ககிட்ட வீரம் பேசப் போறதில்லை. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், ரிலீவிங் லெட்டர், அப்ரைசல், எல்லாம் எனக்கும் தெரியும். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தப்புறம் மனு போடறது கோழைத்தனம் இல்லை, அத்தையும் வேலையை விட்டுட்டுத்தான் போட்டாங்க. காலவரம்பை மட்டும் மறந்துடாதீங்க. கூட வேலை பார்க்கறவங்க நாலு பேர் சேர்ந்து போட்டா இன்னும் நல்லது.

ஆனா கணக்கு எழுதறதை இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கணும். உங்க சொந்த ஃபோன்ல, இல்லை ஒரு நோட்டுல. வந்த நேரம், போன நேரம், யார் சொல்லி இருந்தீங்க, என்ன வேலை, ஒரு வரி போதும். அன்னன்னைக்கே எழுதணும், மாசக் கடைசியில உட்கார்ந்து எழுதினா அந்தக் கடை ரிஜிஸ்டர் மாதிரிதான் இருக்கும். சனிக்கிழமை வரச் சொன்னா, "நீங்க சொன்னபடி இன்னைக்குக் காலை 10லேருந்து ராத்திரி 8 வரை வேலை பார்த்தேன்"னு மேனேஜருக்கு ஒரு மெயில். சண்டை போடற தொனி வேண்டாம், சும்மா அப்டேட். அந்த வரியை உங்க நோட்டுலயும் எழுதிக்கோங்க. ஆஃபர் லெட்டர், சம்பள ஸ்லிப் எல்லாம் மாசாமாசம் உங்களோட இடத்துல சேமிச்சு வைங்க. கம்பெனி கோடு, கிளையன்ட் டாக்குமென்ட், சாட் டம்ப் எதையும் பர்சனல் மெயிலுக்கு அனுப்பாதீங்க. ஓவர்டைம் கேட்கப் போய் டேட்டா திருட்டுன்னு அவங்க உங்க மேல கேஸ் போடற மாதிரி ஆயிடும். உங்க நேரம் உங்களோடது, அதை எழுத யார்கிட்டயும் பர்மிஷன் வேண்டாம்.

"பாக்கி இல்லை"ங்கற பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டேனே, அவ்வளவுதானான்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அவ்வளவுதான்னு சொல்ல முடியாது. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பிரிவு 23, அந்தச் சட்டம் தர்ற உரிமையை விட்டுக்கொடுக்கறதா எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாதுன்னு சொன்னது. கேட்டுப் பார்க்கறதுல தப்பில்லை. என் கேஸ்ல நான் கேட்டுப் பார்க்கலை. அப்ப என் சம்பளம் 52,000. அத்தைக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டா மணிக்கு 250, ரெட்டிப்பு 500, பதினோரு நாள், எட்டு எட்டு மணி நேரம்: 44,000 ரூபா. அத்தை வாங்கினதைவிட ரெண்டாயிரம் ஜாஸ்தி. நேரத்தைக் காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு நானே முடிவு பண்ணி அந்த டி.எம்.எஸ். வாசல் வரைக்கும்கூடப் போகலை.

இப்ப என் ரூம்லயும் அந்த மாச காலண்டர் ஒண்ணு தொங்குது. அத்தை வாங்கிக் கொடுத்தது. பால் நான் வாங்கறதில்லை, மத்த ரெண்டு நேரமும் எழுதறேன்.

ஆன்-கால் டியூட்டி, அதாவது வீட்டுல இருந்தாலும் ஃபோனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்கற வேலை, அது ஓவர்டைம்ல வருமான்னு வேளச்சேரியிலேருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். அதுக்குத் தொழிலாளர் வழக்குகள் நடத்தற ஒரு வழக்கறிஞரையே அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன். கேள்வி இருந்தா வியாழக்கிழமைக்குள்ள வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, கம்பெனி பேர் சொல்லாம.